கேட்கிறதா

சிக்கிஹோர் தீவில் இரவு எட்டு மணி.
அங்கே அலுவலகம் திறக்கும் காலை எட்டு.
மீன்முள் தட்டை ஒதுக்கிவிட்டுக்
கைபேசியை நிறுத்துகிறேன்
வினிகர் போத்தலில் சாய்த்து.

பதினோரு மாதமாக இதே மேசை.
போத்தல்தான் மூன்றாவது.

வெர்னன் என் எதிரே உட்கார்கிறார்.
இடது காது பீரங்கியோடு போனது,
வலது அதற்குத் துணையாகப்
பாதி வழி போய் நின்றுவிட்டது.
யார் கேட்டாலும் இதையே சொல்லிவிட்டுச்
சிரிப்பார்,
தேவைக்கு மேல் சத்தமாக.

பியானோ தொடங்குகிறது.
அதே பன்னிரண்டு சுரம், நடுவே ஒரு பெண்குரல்:
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்.
அவருக்கு அது இல்லை. அவருக்குள்
தொண்ணூற்றொன்றில் பாலைவனத்தில்
யாரோ அடுப்பில் வைத்த கெட்டில்
இன்னும் இறக்கப்படாமல் கூவுகிறது.
காதில்லாமல் காத்திருக்கிறார்.
காதோடு காத்திருப்பது நான்.

நாற்பது நிமிடம்.
ஒருமுறை இந்த நாற்பதில்தான் கரண்ட் போனது.
ஒருமுறை டவர்.
ஒருமுறை அங்கே விடுமுறை;
பியானோவுக்கு மட்டும் அதைச் சொல்ல மறந்துவிட்டார்கள்.

பரிசோதனைக்கு வரச்சொன்ன கடிதம்
ஒஹாயோவில் அவர் விற்றுவிட்ட வீட்டுக்குப் போயிருக்கிறது.
விண்ணப்பதாரர் ஆஜராகவில்லை
என்று கோப்பில் ஏறிவிட்டது.
ஆஜராகாதது கடிதம் என்று எழுதி
படகேறித் துமகெத்தே போய்ப்
பதிவுத் தபாலில் போட்டோம்.
திரும்பும் படகில் நான் வாந்தி எடுத்தேன்.

பிறகு செபுவில் ஒரு கிளினிக்.
கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்துச்
சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள்.
வெளியே நின்று பார்த்தேன்.
கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு
அப்படியே இருந்தார்,
ரத்தாகிவிட்ட பஸ்ஸுக்குக்
கைகாட்டக் காத்திருப்பவர்போல.
அந்த அறிக்கை அனுப்பி ஆறு மாதம்.

"வணக்கம், என் பெயர் டமாரிஸ்."

வந்துவிட்டாள்.
நான் ஆரம்பித்தால்,
"மன்னிக்கவும், விண்ணப்பதாரர் மட்டும்."
அவருக்குக் காது கேட்காதே அம்மா.
"புரிகிறது. அதை அவர்தான் சொல்ல வேண்டும்."

இதற்காக ஒரு பாஷை வைத்திருக்கிறோம்.
மேசையில் ஒரு தட்டு என்றால் பெயர்.
இரண்டு, பிறந்த தேதி.
மூன்று, எண்ணின் கடைசி நான்கு இலக்கம்.
உள்ளங்கையை விரித்தால், ஆமாம்.

தட்டினேன்.
அணிவகுப்பில் பெயர் கூப்பிட்டதுபோல நிமிர்ந்து
"வெர்னன் லைல் ஹால்கம்" என்றார்.
பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.
தேதி சரி. இலக்கம் சரி.
உங்கள் மனைவி நெனிதா பேச உங்களுக்குச் சம்மதமா?
விரித்தேன்.
"ஆமாம் மேடம்."

அப்பாடா என்று மூச்சு விட்டேன்.
கையை எடுக்க மறந்தேன்.

"நான் பேசுவது தெளிவாகக் கேட்கிறதா ஐயா?"

விரிந்தே கிடந்த என் கையைப் பார்த்தார்.
"ஆமாம் மேடம். ரொம்ப நன்றாக."

அதன்பின் நான் விளக்கியதையெல்லாம்
அவள் பொறுமையாகக் கேட்டாள்.
டைப் அடிக்கும் சத்தமும் வந்தது.
இன்னும் பரிசீலனையில் இருக்கிறது என்றாள்,
வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றாள்.

ஐந்து வாரம் கழித்துக் கடிதம்,
இந்த முறை சரியான விலாசத்துக்கு.
கூடுதல் ஆவணம் கேட்டிருந்தார்கள்.
மூன்றாம் பத்தியில் ஒரு வரி:
தொலைபேசியில் சிரமமின்றி உரையாடினார்.

அவரே வாசித்தார்.
கண்ணாடியைத் துடைத்து இன்னொரு முறை.
நான் எதுவும் சொல்லவில்லை;
சொன்னாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி
சொல்லியாக வேண்டும்.

பிறகு சிரித்தார்.
நாய் குரைத்தது.

எட்டு மணிக்கு
அவரே கைபேசியைப் போத்தலில் சாய்க்கிறார்.
பியானோ.
என் கையை மடியில் வைத்து
மூடிக்கொள்கிறேன்.